கூடுதலை எங்கே வைப்பார்கள்?

என் செல்ல அம்மாவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதத் தேவை வரவில்லை. நேரில் பேசவும் எனக்கு அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்பவள் நான். "ஒம் மகளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று உன்னோடு வேலை பார்த்த சரசக்கா கேட்கும்போதெல்லாம், "அவ மெதுவாப் பேசுவா, அதுக்குள்ள நீ எந்திரிச்சிப் போயிருத" என்று நீ சொல்வாய். இப்போது மெதுவாகவே சொல்கிறேன். நீ எழுந்து போக மாட்டாய். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

அப்பா நன்றாக இருக்கிறார். இந்த வருஷம் மழை பிந்தியது. கரிசல் வாய் பிளந்து கிடந்தது. பிறகு ஒரே மூச்சில் பெய்து உளுந்து விதைத்த இடமெல்லாம் சகதியானது. பாதி முளைத்திருக்கிறது. ஊரைச் சுற்றி மின்சாரக் காற்றாடிகள் முன்பைவிட அதிகம். மேற்கே கம்பு விதைத்த காட்டில் இப்போது சூரியத் தகடுகள் பளபளவென்று படுத்துக் கிடக்கின்றன. ஆனாலும் நம் தெருவில் மின்சாரம் போகத்தான் செய்கிறது.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டான். வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் பைப் வேலை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தான். உடம்பு தேறியிருக்கிறது. உன்னைப் போலவே சிரிக்கிறான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். உனக்குப் பிடிக்காத சேதி இனிமேல்தான். நீ வேலை பார்த்த அதே தீப்பெட்டி ஆபீசில், அதே முதலாளியிடம், தீக்குச்சிகளைப் பெட்டிகளில் அடைக்கிறேன். என்னைத் திட்ட நினைப்பாய். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு.

கொஞ்ச நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா. காய்ச்சல் ஒன்றும் இல்லை. குமட்டல்தான். அது எங்கே தொடங்கியது என்றால், கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில்.

தொழில் செய்யும் முதலாளிகள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். தொழிலுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியைப் பேச அழைத்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருக்கக் கூடாதே, அதனால் எங்களை வேனில் ஏற்றினார்கள். "கேசரி உண்டு, மிக்சர் உண்டு, மதியத்துக்கு மேல லீவு" என்றார் சூப்பர்வைசர். சரசக்கா ஏறும்போதே, "கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாவ, மாப்பிள்ளைய மட்டும் காங்கல" என்று சொல்லி வேனையே சிரிக்க வைத்தாள்.

நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கேயும் விடவில்லை. முதலாளி மேடையிலிருந்து கையசைத்து என்னைக் கூப்பிட்டார். சரசக்கா இடுப்பில் கிள்ளித் தள்ளிவிட்டாள். மேடையில் ஒரு பொன்னாடையை என் கையில் கொடுத்து அதிகாரிக்குப் போர்த்தச் சொன்னார்கள். முதலாளி மைக்கில், "தாயில்லாத புள்ள. எங்க ஆபீசுலதான் இருக்கு. நாங்கதான் நல்லபடியாப் பாத்துக்கிடுதோம்" என்றார்.

மண்டபமே கை தட்டியது. தாய் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அந்தப் பெரியவரின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினேன். பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள். இறங்கி வந்து குழாயடியில் கையைக் கழுவினேன். பட்டுத் துணிதான், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கழுவினேன்.

அந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். புதிதாக அணு உலை கட்ட இடம் வேண்டும், காலம் வேண்டும், சண்டை வரும். அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உலையிலேயே இன்னும் கொஞ்சம் மின்சாரத்தைக் கூட்டி எடுக்கலாம், வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்கள், நாமும் செய்ய வேண்டும் என்றார். திரையில் படம் காட்டினார். ஒரு பெரிய பாத்திரம் மாதிரி உலை. அதில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கொஞ்சம் காலியிடம்.

"கட்டும்போதே பாதுகாப்புக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கோம். இத்தனை வருஷ அனுபவத்துல அவ்வளவு தேவையில்லைன்னு தெரிஞ்சிருக்கு. அது சும்மாதான் கிடக்கு. அதை எடுத்துப் பயன்படுத்தப் போறோம், அவ்வளவுதான்."

சும்மாதான் கிடக்கு.

கையில் வைத்திருந்த கேசரி நெய்யும் ஏலக்காயுமாக மணத்தது. அதை அப்படியே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இந்த வார்த்தையை நீயும் நானும் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பெட்டி அடைக்கும் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு குச்சி வைக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இடம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஓடப் பாதை. வடநாட்டு ஆர்டர் கூடிய வருஷம், முதலாளி அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எடம் சும்மாதான கெடக்கு" என்று சொன்னதாகச் சரசக்கா வழியாகக் கேட்டு நீதான் வீட்டில் சொன்னாய். மறுநாளே அந்த இடத்தில் கூடுதல் தட்டுகள் வந்தன, மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளோடு. கூடுதல் ஆட்களும் வந்தார்கள். அந்தக் கூடுதல் ஆட்களில் ஒருத்தி நீ.

சும்மா கிடக்கிற இடம் எதற்காகக் கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஓடுவதற்காகக் கிடக்கிறது. ஓட வேண்டிய நாள் வராதவரை அது வீணாகத்தான் தெரியும்.

நம் ஊர் ஆபீசுகளின் பழக்கம் படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றால் முன்னாலேயே சேதி வந்துவிடும். உடனே சுவரில் எழுதியிருக்கிற கணக்குக்கு மேல் உள்ள தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைப்பார்கள். கணக்குக்கு மேல் உள்ள ஆட்களும் ஒளிந்துகொள்ள வேண்டும். யாரும் அடித்து விரட்டுவதில்லை. நாமே எழுந்து போவோம். சிரித்துக்கொண்டே போவோம். அன்றைக்குச் சம்பளத்தோடு சும்மா உட்காரலாம், வெற்றிலை போடலாம், ஊர்க்கதை பேசலாம். நீ வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு எங்களுக்குக் கண்ணாமூச்சி" என்று சொல்வாய். நானும் சிரித்திருக்கிறேன்.

நீ போன அந்த நாளும் அப்படித்தான். கழிவுக் குச்சி போட்டுவைக்கும் அறைக்கு ஒரே கதவு. கூடுதல் தட்டுகளை அவசரமாக அங்கே அடுக்கினார்கள். கூடுதல் ஆட்களையும் அங்கேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். எந்தத் தட்டு எதில் உரசித் தீப்பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. சோதனைக்கு வந்தவர் முன்னறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். கணக்குப்படி ஆள் உட்கார்ந்திருந்த அறைகளில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. சரசக்கா கணக்கில் இருந்தவள், அதனால் இன்றைக்கும் வேனில் சிரிக்கிறாள். நீ கணக்கில் இல்லாதவள்.

பிறகு விசாரிக்க வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அனுமதித்த அறைகளில் எல்லாம் விதிப்படி இருந்ததாம்.

மண்டபத்தில் எழுந்து கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொருவர் கேட்டார், கடைக்காரர் போலிருந்தது. "கூட்டும்போது ஏதும் ஆபத்து வந்திராதா சார்?"

அதிகாரி சிரித்தார். "பஸ்ல ஏறினாலும் ஆபத்துதான். ஏறாம இருக்கீங்களா? பயத்துக்கு மருந்து அறிவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். முதலாளி மைக்கை வாங்கி, "எங்க ஆபீசையே எடுத்துக்கிடுங்க. எல்லாம் விதிப்படி" என்றார். அம்மா, உன் படத்துக்கு மாலை போட்டு இரங்கல் சொன்ன அதே வாய்.

கேள்வி தவறாகவே இருக்கட்டும். பயந்து கேட்டவனை அசடனாக்கி உட்காரவைப்பதற்குப் பெயர் பதிலா?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். கொடைக்கு வெட்டிய கிடாக்கறியைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் எனக்குப் பேச்சு வரும்.

"ஏட்டி, தீப்பெட்டி ஆபீசும் அதுவும் ஒண்ணா?" என்றான். "அங்கன ஒரு திருகாணி மாத்தணும்னாகூட மூணு பேரு பாக்கணும். கதிர்வீச்சு அளக்க எங்க சட்டையில மீட்டரு குத்தி விடுதாவ. உள்ள போனா எழுதுதாவ, வெளிய வந்தா எழுதுதாவ. நீ பாட்டுக்கு ஒளறாத."

"சரி, ஒளறல. கூட்டி எடுத்தா என்ன ஆவும்? அத மட்டும் சொல்லு."

அவனுக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னான். கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் உலையில் கூடுதல் சூடு எடுக்க வேண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீரும் நீராவியும் குழாய்களில் இன்னும் வேகமாகவோ இன்னும் அதிகமாகவோ ஓட வேண்டியிருக்கும். ஓட்டம் கூடினால் குழாய் அதிரலாம், உள்ளே தேயலாம். தேய்மானத்தை அளந்து பார்த்து மாற்றத்தான் அவனைப் போன்ற ஆட்கள்.

"அடுப்ப அணைச்ச பொறவும் தோசைக்கல்லு சுடுதுல்லா? உலையும் அப்பிடித்தான். நிப்பாட்டினாலும் உள்ள சூடு இருக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்."

"கூட்டி எரிச்சா, நிப்பாட்டின பொறவும் கூடத்தான சுடும்?"

"ஆமா."

"அப்போ தண்ணி வரலன்னா, சரி பண்ணக் கெடைக்க நேரம் கொறையுமா?"

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "கொறையும்தான். அதுக்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்வாவ."

"கணக்குப் போடுத நாள்ல, எல்லாரும் எல்லாமும் கணக்குல எழுதின எடத்துலதான் இருப்பியளா? இல்ல, ஆளு பாக்க வந்தா எங்கனயாவது ஒதுங்குவியளா?"

அவன் முதலில் சிரித்தான். நம் வீட்டில் அது பழைய வேடிக்கைதானே. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்தார். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் பாத்தவரைக்கும் அப்பிடி ஒண்ணும் நடக்கல, செல்வி" என்றான். என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிடுவதே அபூர்வம். கொஞ்சம் கழித்து, "நானும் கேட்டுப் பாத்ததில்ல" என்றான்.

ஊருக்கு மின்சாரம் வேண்டும். எனக்கும் வேண்டும். கூட்டி எடுக்கக் கூடாது என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. சரியாகச் செய்தால் சரியாக நடக்கலாம். அந்த அதிகாரி சொன்னதில் பாதிக்கு மேல் உண்மையாகவே இருக்கலாம். எனக்கு அருவருப்பு, உலையின் மேல் இல்லை. ஆபத்துக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பார்த்து, அது சும்மா கிடக்கிறது என்று சொல்லும் அந்தக் குரலின் மேல். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த நிறைவின் மேல். கூடுதல் என்று ஒன்று இருந்தால் அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும் அல்லவா? கூடுதல் சூட்டை எங்கே வைப்பார்கள்? கூடுதல் தேய்மானத்தை? ஏதாவது ஆனால் அண்ணனை எங்கே வைப்பார்கள்?

அவன் வடக்கே புறப்பட்டுப் போனான். போய்ச் சேர்ந்ததும் போனில், பெரிய வேலைக்குப் பயிற்சி என்றான். உலையை நிறுத்திவைத்து, கூட்டி ஓட்டுவதற்கு முன்னால் குழாய்களையெல்லாம் பார்ப்பார்களாம். அந்த ஆட்களின் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது.

அதற்கு மறுவாரம் எங்கள் ஆபீசுக்குச் சோதனை வந்தது.

"ஏட்டி, எந்திரிங்க எந்திரிங்க. வண்டி எட்டயபுரம் ரோட்டுல திரும்பிட்டாம்" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். இப்போதெல்லாம் கழிவுக் குச்சி அறையில் ஒளிப்பதில்லை. ஓடைக்கரையில் வேலிக்கருவை முள்காட்டுக்குள் தார்ப்பாய் விரித்து, தட்டுகளை அங்கே வைக்கிறார்கள். ஆட்களும் அங்கேதான். உன் சாவுக்குப் பிறகு முதலாளி செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது. இதைச் சொன்னால் சிரிப்பாயா அம்மா, காறித் துப்புவாயா?

எல்லோரும் தட்டைத் தூக்கினார்கள். சிரிப்பும் கேலியும்தான். "மாப்பிள்ள வாரான், பொண்ணுக எல்லாம் ஒளிஞ்சிக்கிடுங்க" என்றாள் சரசக்கா. நான் ஒளிய வேண்டியவள். எனக்குப் பதினேழு. பதினெட்டு ஆகாதவர்களை அந்த அறையில் உட்காரவைக்கக் கூடாது. யாராவது கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

நான் எழவில்லை.

தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. எழுந்தால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்க வேண்டும். என்னால் அது முடியவில்லை. பக்கத்தில் இரண்டு கூடுதல் தட்டுகள் இருந்தன. அவற்றைத் தூக்க வந்தவளிடம், "இருக்கட்டும்க்கா" என்றேன். அவள் என்னைப் பேய் பிடித்தவளைப் போலப் பார்த்துவிட்டு ஓடினாள்.

சோதனைக்கு வந்தவர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கூச்சம் வந்தது. துணி மாற்றுகிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவரைப் போலக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, "நீ அந்தப் பக்கம் போயேம்மா" என்றார்.

ஒளிந்துகொள் என்று என்னிடம் சொன்னது அவர்தான். பார்க்க வந்தவரே சொன்னார்.

வாயைத் திறந்தால் வாந்திதான் வரும் என்று நினைத்தேன். வார்த்தை வந்தது. "எனக்குப் பதினேழு வயசு சார். இந்தத் தட்டு எப்பவும் இங்கனதான் இருக்கும்."

அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கையில் பேனா இருந்தது, அதைப் பார்த்தேன். மறுநாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வெள்ளையடிக்கிறோம் என்று சொன்னார்களாம். எனக்கு இனிமேல் அங்கே வேலை கிடையாது. மற்றவர்களுக்கும் திறக்கும்வரை சம்பளம் இல்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். சரசக்கா நேரே வந்து, "ஒங்க அம்மாகூட இப்பிடி எங்க வயித்துல அடிக்கல" என்றாள். அவள் வீட்டு அடுப்பு எரியாததற்கு நானும் காரணம், அது பொய்யில்லை. ஆனால் அம்மா, நீ எங்களை எழுந்து போகப் பழக்கினாய். உன்னை யார் பழக்கியது? அதுவும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதற்காக உன் மேலும் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அன்றைக்கு அப்பாவே உலை வைத்துச் சோறு வடித்தார். எனக்கு முதலில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். ஊர்ச்சேதி அதற்குள் அவனுக்குப் போயிருக்கிறது. திட்டுவான் என்று நினைத்தேன்.

"ஏட்டி, எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்துச்சு. கேள்வி இருந்தா கேளுங்கன்னாவ. நான் கையத் தூக்கினேன்."

"நீயா?"

"நான்தான். எல்லாரும் திரும்பிப் பாத்தானுவ."

"என்ன கேட்ட?"

"நீ கேட்டதத்தான். கூட்டி ஓட்டும்போது ஏதும் ஒண்ணுன்னா முன்ன இருந்தத விட எவ்வளவு நேரம் கொறையும், அந்த நேரத்துல நாங்க எங்கன நிப்போம், எந்தக் கதவு வழியா வருவோம்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"சிரிக்கல. அது பரவால்ல. பொறவு சொல்லுதோம்னாவ."

"சொன்னாவளா?"

"இன்னும் இல்ல."

அவன் ஒருவன் கேட்டதற்காக உலை நிற்கப் போவதில்லை. அடுத்த முறை பட்டியலில் அவன் பெயர் இல்லாமலும் போகலாம். அதை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவன் உள்ளே போவதை நினைத்தால் அதைவிடப் பயம். போனை வைக்கும் முன், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கியது.

அம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் போன் செய்யும்போது, ஊர்க்கதைக்கு முன்னால் "சொன்னாவளா?" என்று கேட்பேன். சொல்லும்வரை கேட்பேன். அவர்கள் சொல்லாமல் அவனை உள்ளே அனுப்பினால், அவனைப் போகாதே என்பேன், வாய்விட்டு, எத்தனை பேர் எதிரில் இருந்தாலும். நான் வேறு எங்கே வேலைக்குப் போனாலும், யார் வண்டி எந்த ரோட்டில் திரும்பினாலும், என்னைத் தேடி நீ வேலிக்கருவைக் காட்டுக்கு வர வேண்டியிருக்காது. என் இடத்தில்தான் இருப்பேன்.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத,
உன் மகள்
மாரிச்செல்வி